கேளுங்கள், சொல்கிறேன்: ஆலன் பேஜ் பற்றி வந்த கடிதங்கள்

போன மாதம் நீதிபதிகளின் ஓய்வு வயது பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுதும்போது, அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் 70 வயது வரை நீதிபதியாக இருந்த ஒருவர், முன்னாளில் 15 சீசன் அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ரொம்ப மகிழ்ச்சி. மினியாபொலிஸில் ஒன்பது வருஷம் குடியிருந்தவன் நான். இவரைப் பற்றி எழுத எனக்கு வெகுநாள் ஆசை. இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

யார் அந்த மனிதர்? பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!
(கரூர் வாசகர்)

தவறுதான். அவர் பெயர் ஆலன் பேஜ். 1945 ஆகஸ்ட் 7 அன்று ஒஹாயோ மாநிலம் கேன்டனில் பிறந்த கறுப்பினத்தவர். கேன்டன் எஃகு ஆலைகளின் ஊர். அமெரிக்கக் கால்பந்து லீக் 1920-ல் உருவானதும் அந்த ஊரில்தான். அதனால் அந்த விளையாட்டின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அங்கேயே கட்டப்பட்டது. கட்டட வேலை நடந்தபோது கூலிக்குப் போன உள்ளூர்ப் பையன்களில் பேஜும் ஒருவர். 1963-ல் அது திறக்கப்பட்டது. 1988-ல் அதே கட்டடத்துக்குள் அவருடைய வெண்கல மார்பளவுச் சிலையைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்த அணி 1966-ல் தேசிய சாம்பியன் ஆனது. அடுத்த வருஷம் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரை எடுத்துக்கொண்டது. 1978 வரை அங்கே, பிறகு 1981 வரை சிகாகோ பேர்ஸில். மொத்தம் 218 ஆட்டங்கள், நடுவில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

அமெரிக்கக் கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வதுதானே? அதில் தடுப்பாட்டக்காரருக்கு என்ன மூளை வேண்டும்?
(திருநெல்வேலி, பத்தாம் வகுப்பு மாணவர்)

தம்பி, நல்ல கேள்வி. டிவியில் முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அலுவலக நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'பந்தைப் பார்க்காதே, நடுவில் குனிந்து நிற்பவர்களைப் பார்' என்று சொன்ன பிறகுதான் கண் திறந்தது.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு நாலு முயற்சி. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் ஸ்னாப்பில் தொடங்கும். நடுவில் குனிந்து நிற்பவர் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுப்பார், அதுதான் ஸ்னாப். வாங்குகிறவர் குவாட்டர்பேக். பந்தை எறிவதா, ஓடுகிறவன் கையில் கொடுப்பதா, எல்லாம் அவர் மூலமாகத்தான் நடக்கும். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவரை நட்டநடுவில் உடைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்தான் டிஃபென்சிவ் டேக்கிள். பேஜின் இடம் அது. எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக்.

உங்கள் ஊர்ப் பக்கம் கபடி பார்த்திருப்பாய். ரைடர் பாடி வரும்போது கார்னரில் நிற்கும் கைதேர்ந்த ஆள் அவன் முகத்தைப் பார்க்க மாட்டான், காலைப் பார்ப்பான். இங்கேயும் அதே கதைதான். எதிரே குனிந்திருப்பவன் ஒரு கையைத் தரையில் ஊன்றியிருக்கிறான் அல்லவா, அந்த விரல்களைப் பார்ப்பார்கள். விரல் நுனிகள் வெளுத்திருந்தால் உடம்பின் எடை முன்னால் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னால் பாய்ந்து மோதப் போகிறான், அப்படியானால் ஓட்டம் வருகிறது. கை சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்வாங்கி அரண் கட்டப் போகிறான், பந்து எறியப்படும். இதையெல்லாம் கவனித்து முடிவெடுக்க ஓரிரு நொடிதான் இருக்கும். எதிராளி ஏமாற்றவும் செய்வான்.

பேஜ் 6 அடி 4 அங்குலம், 245 பவுண்டு. கேட்க மலை மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் ஆடுகிறவர்களில் அவர் இலேசான ஆள். அவருடைய பலம் வேகம். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளை நிதானமாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்: பந்து அசையும் அதே கணத்தில் அவரும் அசைந்திருப்பார், பக்கத்து ஆட்கள் இன்னும் நிமிர்ந்தே இருக்க மாட்டார்கள். எதிராளி கையைத் தூக்குவதற்குள் இவர் அவனுடைய தோளைத் தாண்டிப் போயிருப்பார்.

கோல் போடுகிறவருக்குத்தான் பரிசு கிடைக்கும். தடுப்பவரை யார் கண்டுகொள்கிறார்கள்?
(ஈரோடு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி)

பொதுவாக நீங்கள் சொல்வது சரிதான் சார். அதனால்தான் 1971 முக்கியமான வருஷம். அசோசியேட்டட் பிரஸ் தரும் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அந்த வருஷம் பேஜுக்குக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது போனது அதுதான் முதல் தடவை. 1986-ல் லாரன்ஸ் டெய்லர் வாங்கினார். அத்தோடு சரி, மூன்றாவதாக எந்தத் தடுப்பாட்டக்காரரும் இல்லை. மற்ற வருஷங்களில் கிட்டத்தட்ட எல்லாமே குவாட்டர்பேக், ஓட்டக்காரர் என்றே போய்விட்டது.

அந்த சீசனில் 14 ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து வைக்கிங்ஸ் மேல் எடுத்த புள்ளிகள் 139. ஆட்டத்துக்குப் பத்துக்கும் குறைவு. கார்ல் எல்லர், கேரி லார்சன், பேஜ், ஜிம் மார்ஷல் என்ற நாலு பேர் முன்வரிசையில் நிற்பார்கள். ஊதா ஜெர்சி என்பதால், 1958-ல் பிரபலமான ஒரு பாட்டை வைத்து, மனிதர்களைத் தின்னும் ஊதாக்காரர்கள் என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே இருந்தது.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சாக் என்பதை லீக் அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-ல். பேஜ் கடைசியாக ஆடியது 1981-ல். பழைய ஆட்டங்களைத் தோண்டி எண்ணிய ஆய்வாளர்கள் அவருக்கு 148.5 சாக் என்று கணக்குச் சொல்கிறார்கள். லீகின் ஏட்டில் அது ஏறவில்லை. எதிரணி நழுவவிட்ட பந்துகளை 23 முறை பிடித்ததும், 28 உதைகளைக் கையால் மறித்ததும் பதிவாகியிருக்கின்றன. உதையை மறிப்பது வேகத்துக்கு நல்ல சாட்சி. பந்து காலை விட்டுக் கிளம்பி உயரும் முன் அதன் வழியில் கையோடு போய் நிற்க வேண்டும். அதை 28 தடவை செய்திருக்கிறார்.

மினசோட்டா குளிரில் திறந்த மைதானத்திலா ஆடினார்கள்?
(உதகை வாசகி)

ஆமாம் அம்மா, கூரை கிடையாது. புளூமிங்டனில் இருந்த மெட்ரோபாலிடன் ஸ்டேடியத்தில். பயிற்சியாளர் பட் கிராண்ட் மைதான ஓரத்தில் கணப்பு வைக்கவும் அனுமதிக்கவில்லை. குளிரைப் பற்றி நினைக்காதவனுக்குக் குளிராது என்பது அவர் எண்ணம். டிசம்பரில் அந்த ஊரில் காரிலிருந்து கடைவாசல் வரை நடந்தாலே காது மரத்துப்போகும். அங்கே மூன்று மணி நேரம் வெறும் கையை உறைந்த தரையில் ஊன்றிக் குனிந்து நின்றிருக்கிறார்கள்.

அந்த மைதானம் இப்போது இல்லை. அந்த இடத்தில்தான் மால் ஆஃப் அமெரிக்கா என்ற பெரிய வணிக வளாகம். மைதானத்தில் பேஸ்பாலும் ஆடினார்கள். பேட்டர் நின்ற இடத்தில் ஒரு தகடு பதித்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ராட்டினங்கள். என் பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்ற, நான் அந்தத் தகட்டின் பக்கத்தில் நின்று, பேஜ் நின்ற கோடு எந்தத் திசையில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலு இறுதிப்போட்டி ஆடி நாலிலும் தோற்றாராமே? உண்மையா?
(சேலம் வாசகி)

உண்மை. 1970, 1974, 1975, 1977 ஜனவரிகளில் சூப்பர் பவுல். கேன்சஸ் சிட்டி, மயாமி, பிட்ஸ்பர்க், ஓக்லண்ட் ஆகிய நாலு அணிகளிடமும் தோல்வி. வைக்கிங்ஸ் ரசிகர்களின் வீடுகளில் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. இதில் 1975 தோல்வி எனக்குப் பெரிய வருத்தம். பிட்ஸ்பர்க் எடுத்ததே 16 புள்ளிதான். தடுப்பாட்டம் தன் கடமையைச் செய்தது, இந்தப் பக்கம் 6-தான் வந்தது.

ஆடிக்கொண்டே சட்டம் படித்தார் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லாமலே படிப்பு கஷ்டமாக இருந்ததே!
(மதுரை, வழக்கறிஞர்)

முதல் முயற்சியில் அவருக்கும் முடியவில்லை சார், இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட வந்த புதிதில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார், சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். பல வருஷம் கழித்து, நட்சத்திரமாக ஆன பிறகு, 1975-ல் மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் முழுநேர மாணவராக மறுபடி சேர்ந்தார். 1978-ல் பட்டம் வாங்கினார். அந்த மூன்று வருஷமும் சீசன் நடந்துகொண்டுதான் இருந்தது. 1977 ஜனவரியில் ஆடிய சூப்பர் பவுல் அவர் சட்ட மாணவராக இருந்தபோது ஆடியது.

சட்டத்தின் மேல் ஆசை எப்படி வந்தது? சின்ன வயதில் பெரி மேசன் என்ற கற்பனை வக்கீலின் கதைகள் அவரை இழுத்தன. கேன்டனில் எஃகு ஆலையில் அதே வேலையைத் தினம் தினம் செய்கிறவர்களைப் பார்த்து, இது நமக்கு வேண்டாம் என்றும் முடிவெடுத்திருந்தார். அப்பா, அம்மா இருவரும் படிப்பு விஷயத்தில் கண்டிப்பு. அவருக்கு 13 வயதிருக்கும்போதே அம்மா காலமாகிவிட்டார்.

உங்கள் தொழில் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறு அணி எடுத்துக்கொண்டால், பழைய அணிக்கு நஷ்டஈடு தர வேண்டும். எவ்வளவு என்பதை லீக் தலைவரே முடிவு செய்வார். இதனால் வீரர்களை எந்த அணியும் தொடப் பயந்தது. ஒப்பந்தம் முடிந்தும் விடுதலை இல்லை. இதை எதிர்த்து, ஜான் மேக்கி என்ற வீரரின் பெயரால் வழங்கும் வழக்கில் பேஜும் ஒரு மனுதாரர். மினியாபொலிஸ் ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்தது, 1975 கடைசியில் வீரர்கள் பக்கம் தீர்ப்பானது. அவர் சட்டக் கல்லூரியில் சேர்ந்த அதே வருஷம்!

பிறகு வக்கீல் நிறுவனத்தில் வேலை, 1985 முதல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில். மினசோட்டாவில் நீதிபதிகளை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992-ல் அவர் நிற்கப் பார்த்த இடத்தில், பதவியில் இருந்தவரின் காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் தேர்தலே இல்லை என்று ஆனது. பேஜ் வழக்குப் போட்டார். தங்கள் சக நீதிபதி சம்பந்தப்பட்டது என்பதால் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒதுங்கிக்கொள்ள, தனி அமர்வு விசாரித்தது. தேர்தல் நடத்தத்தான் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நின்றார், ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர்தான். 1998, 2004, 2010 என்று மூன்று முறை மறுபடி ஜெயித்து, 2015 ஆகஸ்டில் ஓய்வு வயது வந்ததால் இறங்கினார். 2018-ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிவிலியன் விருதான ஜனாதிபதி சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரரை வைக்கிங்ஸ் ஏன் விட்டது?
(கோயம்புத்தூர் வாசகர்)

ஓடியதால்! மனைவி டயேன் புகைபிடிப்பதை விட வேண்டும் என்று ஓடத் தொடங்கினார், இவரும் கூடவே போனார். போகப் போக அவரை விட இவருக்கு அது பிடித்துப்போயிற்று. தினமும் மைல் கணக்கில் ஓட, எடை 225 பவுண்டு அளவுக்கு இறங்கியது. லைனில் நிற்க இது போதாது என்பது கிராண்டின் கருத்து. 1978 அக்டோபரில், ஆறு ஆட்டங்கள் முடிந்திருந்தபோது விடுவித்தார்கள். அப்போதிருந்த விதிப்படி 100 டாலர் கட்டி சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. மீதிப் பத்து ஆட்டங்களும் அங்கே ஆடினார். வைக்கிங்ஸில் அவரைப் பயிற்றுவித்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் (நிலவுக்குப் போனவர் அல்ல) பட்டி ரயனும் அந்த வருஷம் சிகாகோவுக்கு மாறியிருந்தார்கள். ஆளைத் தெரிந்தவர்கள், எடையைப் பார்க்கவில்லை.

கிராண்டைக் குறைசொல்ல மாட்டேன், அவர் பார்த்த கணக்கு அது. ஆனால் பேஜ் அதற்குப் பிறகும் மூன்றரை சீசன் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடினார். ஓட்டத்தையும் விடவில்லை. 1979-ல் ஒரு மாரத்தானை ஓடி முடித்தார். லீகில் ஆடிக்கொண்டிருக்கும்போதே முழு மாரத்தான் ஓடிய முதல் வீரர் அவர்.

இத்தனை வருஷம் மோதியவருக்கு உடம்பில் காயம் எதுவும் மிஞ்சவில்லையா?
(திருச்சி, பிசியோதெரபி மாணவி)

சுண்டுவிரல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஆட்டத்தில் திரும்பத் திரும்ப மூட்டு விலகி, இப்போது நடு மூட்டிலிருந்து பக்கவாட்டில் திரும்பி, சுவர்மூலை மாதிரி செங்கோணத்தில் நிற்கிறது. கையை விரித்தால் நாலு விரல் ஒரு பக்கம், அது மட்டும் தனி வழி. பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தானாம். மகளோடு சேர்ந்து அந்த விரலை வைத்தே குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதிவிட்டார்.

பள்ளியில் கபடி அணியைப் பார்த்துக்கொள்கிறேன். மாநில அளவுக்குப் போன பையன்கள் புத்தகத்தைத் தொடுவதில்லை. பேஜைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்லலாம்?
(தஞ்சாவூர், உடற்கல்வி ஆசிரியர்)

அவர் நீதிபதியானதை விட, ஐயா, இதைச் சொல்லுங்கள். அவர் ஆடிய காலத்தில் ஒருநாள் தடுப்பாட்டக்காரர்களின் கூட்டம். ஆட்டத் திட்டப் புத்தகத்தை ஒவ்வொருவராக வாய்விட்டுப் படிக்கச் சொன்னார் பயிற்சியாளர். சிலரால் படிக்க முடியவில்லை. பள்ளி முடித்து, கல்லூரி போய் வந்தவர்கள் அவர்கள். நன்றாக ஆடினார்கள் என்பதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு எழுத்துக்கூட்டிய அந்த ஆட்களைப் பேஜ் மறக்கவே இல்லை, பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

1988-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, மேடையில் தன்னை அறிமுகப்படுத்தும் பொறுப்பை மினியாபொலிஸ் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தார். வழக்கமாகப் பழைய பயிற்சியாளரையோ கூட ஆடியவரையோ அழைப்பார்கள். பேச்சிலும் படிப்பைப் பற்றித்தான் பேசினார். அதே வருஷம் டயேனும் அவரும் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். வெள்ளையர் அல்லாத மினசோட்டா மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. ஒரு நிபந்தனை உண்டு: வாங்குகிற மாணவர் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுக்குப் படிப்பு சொல்லித்தர வேண்டும். உங்கள் மாநில அளவு ஆட்டக்காரனை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லித்தர வைத்துப் பாருங்களேன். சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அவனும் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு, டகோட்டா பழங்குடியினரை ஒழிக்க வேண்டும் அல்லது துரத்த வேண்டும் என்று 1862-ல் பேசிய ஆளுநர் ராம்சியின் பெயர் இருந்தது. மாணவர்களே முயற்சி எடுத்து, 2017-ல் அதை நீதிபதி பேஜ் நடுநிலைப் பள்ளி என்று மாற்ற வைத்தார்கள்.

நீங்கள் அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?
(பலர் கேட்டிருக்கிறார்கள்)

பார்த்தேன், ஆனால் பேசவில்லை. அக்டோபர் முதல் வாரம் மினியாபொலிஸில் தொடங்கி செயின்ட் பாலில் முடியும் மாரத்தான் நடக்கும். என் 41-ஆம் வயதில் ஒருமுறை ஓடினேன். காலை எட்டு மணி, வாயைத் திறந்தால் புகை, கையுறைக்குள் விரல் இல்லாத மாதிரி இருந்தது. தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே பயம் பிடித்துக்கொண்டது: 26 மைல் நம்மால் ஆகுமா? அப்போது திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கனத்த ஊதல் கேட்டது. நம்மூர் ஒத்து மாதிரி அடிவயிற்றில் இறங்கும் சத்தம்.

திரும்பினால், நடைபாதையில் உயரமான ஒருவர், உடம்பைச் சுற்றி வளைந்த பெரிய பித்தளைக் குழலைத் தோளில் போட்டுக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். சூசாஃபோன் என்பார்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், மாரத்தான் அன்று நீதிபதி பேஜ் வாசலுக்கு வந்து ஓடுகிறவர்களுக்காக வாசிப்பார். எனக்கு முன்னால் ஓடிய பெண் கையை உயர்த்தி அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். நானும் கையைத் தூக்கினேன். வாய் குழலில் இருந்ததால் அவர் தலையை மட்டும் அசைத்தார். எனக்கா, எனக்குப் பின்னால் வந்தவருக்கா, தெரியாது. எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டு ஓடினேன். அடுத்த திருப்பம் வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.